அஞ்சாவது கால்

"கண்ணை எங்கம்மா வச்சிருந்தீங்க?" காலையில் பத்தரை மணிக்குப் பதினாலு பொம்பளைகளையும் வரிசையாக நிற்க வைத்து, தையல் மெஷின்களையெல்லாம் நிறுத்திவிட்டு ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டானே அந்த மேனேஜர் நல்லசிவம், அந்தக் கேள்வி மத்தியானச் சோற்றோடும் இறங்காமல் கலாமணியின் தொண்டையிலேயே நின்றிருந்தது. நேத்து வரைக்கும் கலாமணிக்கா, இன்னைக்கு ஏம்மா. முப்பத்துநாலு வயசுப் பையன். இவன் டவுசர் போட்டுத் திரிஞ்ச காலத்துலயே நான் டியூப் லைட்டுக்கு அடியில நின்னு பனியனைப் பிரிச்சுப் பாத்துட்டு இருந்தவ. இருபத்திரண்டு வருசம். திருப்பூரில் எத்தனை கம்பெனி ஏறி இறங்கியிருப்பாள், எங்கே போனாலும் செக்கிங் டேபிளில் தலைமாட்டு இடம் அவளுக்குத்தான். குண்டூசி முனையளவு ஓட்டையா, கலாமணி கையில் தப்பாது. எண்ணெய்க் கறையா, ஊசி அறுப்பா, தையல் ஒரு நூல் விட்டுப் போயிருக்கிறதா, கழுத்து, தோள், கை, கக்கம், சைடு, அடிமடிப்பு, திருப்பு, உள்பக்கம், மறுபடி கழுத்து. இருபத்தஞ்சு வினாடிக்கு ஒரு பீஸ். தப்பு இருந்தால் மணிக்கட்டில் ஒட்டி வைத்திருக்கிற சிவப்பு அம்பு ஸ்டிக்கரில் ஒன்றைக் கிள்ளி அந்த இடத்தில் ஒட்டி இடது பக்கம் தள்ளு, இல்லாவிட்டால் வலது பக்கம். கை தானாகப் போகும், கண் கையோடு போகும். அந்தக் கண்ணைத்தான் எங்கே வைத்திருந்தாய் என்று கேட்கிறான். எங்கே வைக்கச் சொன்னீர்களோ அங்கேதான் வைத்திருந்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அப்போது வாய் வரவில்லை. இப்போது மணி மூணே முக்கால், இப்போது வருகிறது, வந்து என்ன பண்ண.

பூனைக்கு அஞ்சு காலாம். குழந்தைச் சட்டை, நெஞ்சில் நீலப் பூனை ஒன்று வாலைத் தூக்கிக்கொண்டு நடந்து போகிற மாதிரி பிரிண்ட். முன்னால் ரெண்டு கால், பின்னால் மூணு. சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின், அதாவது பையரின், ஆபீசிலிருந்து சரக்கு பார்க்க வந்த அந்தப் பொண்ணு ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்து, ஒரு சட்டையை எடுத்து, கையை நீட்டித் தூரமாகப் பிடித்து, குழந்தைக்குப் போட்டால் எப்படி இருக்கும் என்று பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுச் சிரித்தது. அவ்வளவுதான். ஆறாயிரத்து நானூறு சட்டை. அத்தனையும் பதினாலு ஜோடிக் கண்ணுக்கு முன்னால் போனவை. இதோ இப்போது திரும்பவும் பெட்டியைப் பிரித்துக் கொட்டி, ஏதாவது நாலு கால் பூனை தேறுகிறதா என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கிருந்து தேறும், ஒரே ஸ்கிரீனில் அடித்த பிரிண்ட். இப்போது பார்த்தால் அந்தக் கால் எப்படித் தெரிகிறது! வேறெதுவும் தெரியவில்லை, கால்தான் தெரிகிறது. ஒவ்வொரு சட்டையிலும் மற்ற நாலு காலையும் இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் வந்து நிற்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறாள், இங்கே யாரும் மறைக்கவில்லை. நெஞ்சில் நடுவில் பட்டப்பகலில் நின்றது. அவளும் அந்தப் பிரிண்டைப் பார்த்தாள்தான். சாயம் வழிந்திருக்கிறதா பார்த்தாள், வெடிப்பு இருக்கிறதா பார்த்தாள், புள்ளி விட்டுப் போயிருக்கிறதா பார்த்தாள். நீலத்தைப் பார்த்தாள். பூனையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற துளசிமணி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அக்கா, நாம குருடுங்களாக்கா?" என்றாள். "வாயை மூடிட்டு வேலையைப் பாரு சாமி," என்றாள் கலாமணி. எரிச்சல். யார் மேலென்று இல்லாமல் எல்லோர் மேலும் எரிச்சல். கழுத்து, தோள், கை, கக்கம்.

ஆனால் அவன் சொன்னதில் சுட்டது அந்தக் கேள்வி இல்லை, அதுக்கு அடுத்ததாகச் சொன்னது. "வீட்டுல சீக்கு ஆளைப் படுக்க வச்சுட்டு வந்தா கவனம் இங்க எங்கம்மா இருக்கும்?" என்று சொன்னான். சொல்லிவிட்டு, அஞ்சு மணிக்கு ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகச் சொன்னான். ஒப்புதல் செய்த சாம்பிளோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் தலைமைச் செக்கர் கலாமணி சரக்கைப் பாஸ் பண்ணிவிட்டார், தப்பு அவருடையது என்று ஒரு காகிதம். அது பையருக்குப் போகும், கலாமணி வீட்டுக்குப் போவாள். அப்புறம் எந்தக் கம்பெனி வாசலில் போய் நிற்பது? அஞ்சு கால் பூனையை விட்டவள் என்று ஊரெல்லாம் சிரிக்கும். வீட்டில் ஒரு மனுசன் இடது கையும் இடது காலும் விழுந்து கட்டிலில் கிடக்கிறார், அவருக்கு இருக்கிறது இவள் ஒருத்தி சம்பாத்தியம்தான். போட்டுவிடு என்று மற்றவர்கள் வாயால் சொல்லவில்லை, ஆனால் ஒருத்தி போனால் பதிமூணு பேர் தப்பிக்கலாம் என்று எல்லோர் முதுகும் சொல்லிக்கொண்டிருந்தது. கவனமாம். படவா, கவனம்னா என்னன்னு உனக்குத் தெரியுமாடா? நான் தினமும் அதைத் தட்டுல வச்சுப் பாத்துட்டு இருக்கறேன்.

தட்டில்தான். சென்னியப்பனுக்கு, அவள் வீட்டுக்காரருக்கு, ரெண்டு இட்லி வைத்தால் வலது பக்கத்து இட்லியை மட்டும் தின்றுவிட்டு, "ஏம்புள்ள, ஒத்த இட்லி வச்சா ஆச்சா? மனுசனுக்குப் பசிக்காதா?" என்று சண்டைக்கு வருவார். இன்னொரு இட்லி அதே தட்டில் இடது பக்கம் சட்னியோடு உட்கார்ந்திருக்கும். தட்டைப் பாதி திருப்பி வைத்தால், "இப்ப எங்கிருந்து வந்துச்சு?" என்பார். சவரம் பண்ணினால் வலது கன்னம் மட்டும் வழவழவென்று இருக்கும். ஒரு நாள் தன்னுடைய இடது கையையே தூக்கிப் பார்த்து, "இது யாரு கையி, என்ற படுக்கையில கெடக்குது?" என்று கேட்டார். சிரிப்பதா அழுவதா. கண் போச்சா என்று பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க் கேட்டாள். அங்கே ஒரு சின்ன டாக்டரம்மா, வாயில் வைத்த பேனாவை எடுத்துவிட்டு, "கண்ணு ரெண்டும் நல்லாத்தாம்மா இருக்கு. அந்தப் பக்கம் இருக்கறதும் கண்ணுல விழுகுது. மூளைதான் அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கல. அது திரும்பாட்டி, கண்ணுல பட்டாலும் பட்டதாத் தெரியாது," என்றது. என்ன கொடுமை இது. பட்டும் படாமல் ஒரு இட்லி. அன்றைக்கு அது புரியவில்லை, இன்றைக்குப் பூனையைப் பார்த்துப் புரிகிறது. அவருக்கு மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டது, சரி. எங்க பதினாலு பேருக்கு எது அடைச்சுது? கழுத்தைப் பாரு தோளைப் பாரு, வேகம், வேகம், மணிக்கு இத்தனை பீஸ் என்று அடைத்தது நீதானடா. கழுத்து, தோள், கை. துளசிமணி ஒரு சட்டையைத் தூக்கிக் காட்டி, இதில் அடிமடிப்பு கோணலாக இருக்கிறது, ஒட்டட்டுமா என்று கேட்டாள். அஞ்சு காலோடு நிற்கிற சட்டையில் மடிப்பு கோணலாம். ஒட்டு தாயி, ஒட்டு, என்றாள்.

அப்புறம் அவர் விழுந்த அந்தக் காலைப்பொழுது நினைவில் வந்துவிட்டது. வரக்கூடாது என்று எவ்வளவு தள்ளினாலும் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது வந்துவிடும். விஜயதசமி, லீவு, அவள் கீழே உட்கார்ந்து முறத்தில் துவரம்பருப்பைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் வந்து எதிரே நின்று, "ஒரு மாதிரியா இருக்குது புள்ள," என்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தாள், முகத்துக்கு நேரே பார்த்தாள். "பானையில தண்ணி இருக்குது, மோந்து குடிங்க," என்று சொல்லிவிட்டு மறுபடி முறத்தில் குனிந்தாள். ஒரு கல் கிடைத்தது, அது நன்றாக நினைவிருக்கிறது, கறுப்பாகப் பருப்பைவிடச் சின்னதாக. அப்புறம் டம்ளர் விழுந்த சத்தம். அப்போதுதான் அந்த வாய் ஒரு பக்கம் தொங்கியிருந்ததைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான், எப்பம்மா ஆரம்பிச்சுது, நேரம் ரொம்ப முக்கியம். பத்து மணிங்க, என்று அடித்துச் சொன்னாள். நேரே பார்த்தீங்களே, முகம் கோணினது தெரியலையா? தெரியலைங்க. அங்கேயும் அந்தக் கேள்விதான், கண்ணை எங்கம்மா வச்சிருந்தீங்க, வேறு வார்த்தையில். பருப்புல வச்சிருந்தேன். கல்லுல வச்சிருந்தேன். இருபத்திரண்டு வருசமாத் தப்புக் கண்டுபிடிக்கப் பழக்கின கண்ணு, அதுக்குத் தப்பு எந்த எடத்துல இருக்கும்னு சொல்லிக் குடுத்த எடத்துல மட்டும்தான் தெரியும். புருசன் முகத்துல பாருன்னு எவனும் சொல்லிக் குடுக்கல. சட்டையைத் திருப்பினாள், உள்பக்கம், மறுபடி கழுத்து. நாலே கால்.

ஒரு சட்டையின் நீலம் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்தது. வெளுத்திருந்தால் சாம்பிளோடு ஒத்துப் பார்க்க வேண்டும், அது பழக்கம். எதிர்ச் சுவரில் ஆணியில் சாம்பிள் தொங்கும், மேனேஜர் பச்சை மையில் கையெழுத்துப் போட்ட சிவப்பு அட்டையோடு. அவள் நிமிர்ந்து நீலத்தைப் பார்த்தாள். பார்க்க நீலம் இல்லை. ஆணி இருந்தது, ஆணியில் அட்டை கட்டியிருந்த நூல் துண்டு ஒன்று இருந்தது, சட்டை இல்லை. எத்தனை நேரமாக இல்லை? காலையிலிருந்து ஐம்பது தடவையாவது அந்தச் சுவரைப் பார்த்திருப்பாள். "துளசி, சாம்பிள் எங்க?" என்று கேட்டாள். துளசிமணி தலையைத் தூக்காமலே, "அங்கதானுங்கக்கா தொங்குது," என்றாள். "பாரு." பார்த்தாள். "ஐயோ, காத்தால இருந்துச்சே! இருந்துச்சாக்கா?" அந்த வரிசையில் யாருக்கும் தெரியவில்லை. இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே எல்லோரும் இல்லாத சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். கலாமணிக்குப் பளிச்சென்று ஒன்று ஓடியது, ஓடின வேகத்தில் உடம்பெல்லாம் சூடேறியது. எடுத்தவன் எதுக்கு எடுத்தான்? சாம்பிள்ல பூனைக்கு நாலு கால் இருந்திருந்தா அதைக் கையில புடிச்சு என்ற மூஞ்சிக்கு நேரா ஆட்டியிருப்பானே! சாம்பிளிலேயே அஞ்சு கால். அதில் கையெழுத்துப் போட்டவன் அவன். அவனும் பார்க்கவில்லை, நீலத்தைத்தான் பார்த்தான், பையரும் நீலத்தைத்தான் பார்த்திருப்பான், எல்லாப் பயலும் நீலத்தைப் பார்த்துவிட்டுப் பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருக்கிறான்கள். அட அயோக்கியா. ஆனால் அடுத்த நிமிசமே சூடு இறங்கிவிட்டது. நிச்சயமாத் தெரியுமா உனக்கு? கண்ணை மூடி அந்தச் சாம்பிளை நினைத்துப் பார்த்தாள். நீலம் வந்தது. சிவப்பு அட்டை வந்தது. ஆயுத பூஜையன்றைக்கு டேபிளுக்கும் கத்தரிக்கோலுக்கும் பொட்டு வைக்கிறபோது அந்த அட்டைக்கும் சந்தனம் குங்குமம் வைத்தது அவள்தான், விரல் பட்டது கூட வந்தது. கால் வரவில்லை. நாலு என்றால் நாலாக நிற்கிறது, அஞ்சு என்றால் அஞ்சாக நிற்கிறது. இதை வைத்துக்கொண்டு யாரிடம் போய் என்ன சொல்வது? ஒருவேளை அவன் சொல்வதுதான் உண்மையோ, ஒருவேளை என் கண்ணிலும் அந்தப் பக்கம் செத்துவிட்டதோ என்று ஒரு பயம் வந்தது, அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

அஞ்சு மணிக்கு ஆபீஸ் அறைக்குள் போனாள். மணிக்கட்டில் அம்பு ஸ்டிக்கர்களைக் கூட எடுக்கவில்லை. நல்லசிவம் காகிதத்தை மேசைக் கண்ணாடி மேல் அவள் பக்கமாகத் தள்ளி, பேனாவை மேலே வைத்து, செல்போனைப் பார்த்துக்கொண்டே, "போடுங்கம்மா, லேட்டாகுது," என்றான்.

"சாம்பிள் எங்கீங்க சார்?"

"எந்தச் சாம்பிள்?"

"செவுத்துல தொங்குனது."

"அது பையருக்கு அனுப்பியாச்சு. அது கரெக்டாத்தாம்மா இருந்துச்சு. நாலு கால். நீங்கதான் பாக்கல." போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை அவன். குரலில் ஒரு இம்மிகூட ஆட்டமில்லை. பொய் சொல்கிறவனுக்கு எவ்வளவு தெளிவாக வருகிறது வார்த்தை, உண்மை தெரிய வேண்டியவளுக்குக் கால் எண்ணிக்கை கூட வரவில்லை. அவள் பேனாவை எடுத்தாள். எடுத்தேவிட்டாள். குனிந்தபோது காகிதத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிக்கு அடியில் அந்தப் போட்டோ இருந்தது, ரெண்டு சாண் அகலத்துக்குப் பிரிண்ட் போட்டு அவனே வைத்திருந்தது. ஆயுத பூஜை குரூப் போட்டோ. வாட்சப்பில் வந்த அன்றைக்கே எல்லோரும் அவரவர் மூஞ்சியைப் பெரிசாக்கிப் பார்த்துவிட்டு, "செக்கிங் அக்கா கண்ணை மூடிட்டு நிக்குது பாரு," என்று குரூப்பில் அவளைக் கேலி பண்ணினார்கள். ஆமாம், அதில் அவளுக்குக் கண் மூடியிருக்கும். அதனாலேயே அந்தப் போட்டோ எங்கே இருந்தாலும் முதலில் தன் மூடின கண்ணைத்தான் பார்ப்பாள், பார்த்துச் சலித்துக்கொண்டு விட்டுவிடுவாள். இப்போதும் கண் அங்கேதான் போயிற்று. பழக்கம். போடி, அதை விடு என்று பிடித்து இழுத்தாள், மாட்டை இழுக்கிற மாதிரி. ஆளுகளை விட்டாள். மாலையை விட்டாள், பூசணிக்காயை விட்டாள். நடுவில் புதுச் சட்டையில் நல்லசிவம் சிரித்துக்கொண்டிருந்தான். அவனையும் விட்டாள். அவன் தோளுக்குப் பின்னால் சுவர். சுவரில் ஆணி. ஆணியில் நீலம், சிவப்பு அட்டை, அட்டையில் அவள் வைத்த பொட்டு. முன்னால் ரெண்டு. பின்னால் ஒண்ணு, ரெண்டு.

மூணு.

பேனாவைக் கீழே வைத்தாள். மணிக்கட்டிலிருந்து ஒரு அம்பைக் கிள்ளிக் கண்ணாடி மேல் ஒட்டினாள், முனை அந்தப் பூனையைத் தொடுகிற மாதிரி. இருபத்திரண்டு வருசத்தில் இவ்வளவு நிதானமாக ஒரு அம்பை அவள் ஒட்டினதில்லை.

"என்னம்மா பண்றீங்க, மேசைல?"

"எண்ணுங்க சார்."

"என்னத்தை?"

"தெனமும் இது மேல டீ டம்ளரை வச்சுக் குடிக்கறீங்கல்ல. உங்க மூஞ்சியைத்தான பாத்திருப்பீங்க. இன்னைக்கு உங்களுக்குப் பின்னாடி பாருங்க. எண்ணுங்க."

அவன் குனிந்தான். உதடு லேசாக அசைந்தது, ஒண்ணாங் கிளாஸ் பையன் மாதிரி. அசைந்து நின்றது. கழுத்தில் வேர்வை கோத்தது அவனுக்கு. "செவுத்துல இருந்ததை எடுத்தீங்க, இதை எடுக்கல. ஏன்னா இது உங்க கண்ணுலயே படல. என்னைய எந்த வாயால கேட்டீங்க? பதினாலு பேரை நிக்க வச்சு, என்ற ஊட்டுக்காரரை இழுத்து, எந்த வாயால?" என்று அவள் கத்தினது வெளியே அயர்ன் டேபிள் வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும். துளசிமணி கதவோரம் வந்து நின்றாள். நல்லசிவம் காகிதத்தைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டு, மெதுவாக, "அக்கா, கொஞ்சம் உக்காருங்கக்கா," என்றான். அக்கா திரும்பி வந்துவிட்டாள் பார். உன் அக்காவைத் தூக்கிக் குப்பையில் போடு என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. கட்டவிழ்த்துவிட்ட கண் அதுபாட்டுக்குப் போட்டோவில் போய்க்கொண்டிருந்தது. வரிசையின் கடைசிக்குப் போய்விட்டது. அங்கே பொரிப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு சென்னியப்பன் நின்றார். அன்றைக்கு அவளைக் கூட்டிப்போக வண்டியில் வந்தவரை, வாங்கண்ணா நீங்களும் நில்லுங்க என்று இழுத்து நிறுத்தினார்கள். காலர் கிழிந்த சட்டை. அந்தக் காலருக்காக வீட்டுக்குப் போகும்வரை வண்டியிலேயே திட்டிக்கொண்டு போனாள், ஊர்ச் சட்டையெல்லாம் பாக்கறவ புருசன் கிழிஞ்ச காலரோட வந்து நிக்கறாரு, என்ற மானம் போச்சு என்று. கழுத்து. முதலில் கழுத்து. கழுத்துக்கு மேலே இப்போதுதான் போனாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், வலது பக்கம் மட்டும். இடது பக்கம் வாய் தொங்கியிருந்தது. கொஞ்சம்தான், ஆனால் தொங்கியிருந்தது. விஜயதசமிக்கு முந்தின நாள் மத்தியானமே. பத்து மணிங்க என்று டாக்டரிடம் அடித்துச் சொன்னாளே.

கையில் ரெண்டாவது அம்பு இருந்தது, எப்போது கிள்ளினாள் என்று தெரியவில்லை. நல்லசிவம் அதைப் பார்த்துவிட்டுப் பயந்து, "இன்னும் என்னக்கா, வேற எதுலயாச்சும் தப்பு இருக்குதா?" என்றான்.

"இருக்குது," என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "அது உங்களுது இல்லீங்க."

அம்பை அவர் வாயோரத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே ஒட்டவில்லை. அவர் மேல் என்ன தப்பு? கையைத் திருப்பி, அதே வரிசையில் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நின்றவள் முகத்தின் மேல் ஒட்டினாள். நகத்தால் அழுத்தித் தேய்த்தாள். கையெழுத்தில்லாத காகிதத்தை அவன் மேசையிலேயே விட்டுவிட்டு, கதவோரம் நின்ற துளசிமணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அஞ்சே முக்கால் பஸ் இன்னும் போயிருக்காது. அவர் இந்நேரம் தட்டில் பாதியைத் தின்றுவிட்டு, மீதி இல்லையென்று திட்டிக்கொண்டிருப்பார், யாராவது போய்த் திருப்பி வைக்க வேண்டும்.